சாண எரிவாயுவில் மீதேனைப் பெருக்குதல்

கோடையில் நீர் வற்றிய குளத்தின் ஓரத்தே, அழுகிய தழையும் சேறும் கலந்து கிடக்கும் இடத்தில் ஒரு கோலை ஊன்றிக் கிளறினால், அடியிலிருந்து குமிழிகள் மேலெழுந்து வெடிப்பதைக் காணலாம். இக்குமிழிகளில் அடைபட்டிருப்பது காற்றன்று. தீப்பற்றி எரியக்கூடிய ஒரு வாயு. சதுப்பு நிலங்களில் இரவில் ஒரு சுடர் தோன்றுவதும் மறைவதுமாக இருக்கக் கண்ட நாட்டுப்புற மக்கள், அதனைக் கொள்ளிவாய்ப் பேய் என்று பெயரிட்டு அஞ்சினர். அஞ்சாது அணுகி, அவ்வாயுவைப் புட்டியில் பிடித்து ஆராய்ந்தவர் இத்தாலி நாட்டு அறிஞர் அலெசாண்டிரோ வோல்ட்டா. மின்கலத்தைக் கண்டு உலகப் புகழ் எய்தியவரும் இவரே. 1776-ஆம் ஆண்டில் மஜ்ஜோரே என்னும் ஏரியின் கரையில் சேற்றைக் கோலால் கிளறி, எழுந்த குமிழிகளைக் கவிழ்த்த புட்டிகளில் சேர்த்துத் தீயிட்டபோது, அவ்வாயு நீல நிறச் சுடருடன் எரிந்தது. பின்னர் 1808-இல் ஆங்கிலேய வேதியியலார் ஹம்பிரி டேவி, மாட்டுச் சாணம் காற்றுப் புகாத இடத்தில் அழுகும்போதும் இவ்வாயு பிறக்கும் என்பதைக் கண்டார். இதன் பெயர் மீதேன்.

மீதேன் மிக எளிய அமைப்புடையது. ஒரு கரி அணுவை நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் சூழ்ந்திருப்பதே அதன் மூலக்கூறு. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. சாணத்திலிருந்து வரும் வாயுவில் அழுகிய முட்டை நாற்றம் வீசுவது, அதனுடன் சிறிதளவு கலந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வேறொரு வாயுவினாலாகும். மீதேன் காற்றினும் இலேசானது; எரிந்தால் புகையோ சாம்பலோ தராது.

மாட்டுச் சாணத்தைப் பழந்தமிழ் ‘ஆப்பி’ என வழங்கும். அச்சொல் புணரும் முறைக்கு இலக்கண நூலார் தனியே விதியும் வகுத்துள்ளனர். இலக்கணத்தில் இடம்பெற்ற அப்பொருள், உழவர் வாழ்விலும் இருபெரும் தொழில்களுக்கு உரியதாய் இருந்து வந்தது. வயலுக்கு அஃது எருவாக வேண்டும். அடுப்புக்கு அதுவே வறட்டியாகவும் வேண்டும். அடுப்பில் எரிந்த சாணம் வயலுக்கு வாராது. அதிலுள்ள நைட்ரஜன் என்னும் பயிருணவு புகையோடு புகையாய்ப் போய்விடும். எஞ்சும் சாம்பலில் சுண்ணாம்பு முதலிய சில உப்புகளே இருக்கும். வறட்டிப் புகையால் பெண்டிரின் கண்களும் நெஞ்சும் படும் துன்பம் தனி. ஒரே சாணத்தால் அடுப்பையும் எரித்து, வயலுக்கும் எருவிட இயலாதா என்னும் வினாவுக்கு விடையாக அமைந்ததே சாண எரிவாயுக் கலன். வட நாட்டார் இதனைக் கோபர் காஸ் என்பர்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பம்பாயை அடுத்த மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில், கழிவிலிருந்து வாயுவெடுத்து விளக்கேற்றினர். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரிலும் 1895-ஆம் ஆண்டையொட்டிக் கழிவுநீர்த் தொட்டியின் வாயு விளக்கெரிக்கப் பயன்பட்டது. எனினும் சாணத்தைக் கொண்டு சிற்றூர் உழவர் வீட்டில் அமைக்கத்தக்க கலனை வகுக்கும் முயற்சி, தில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் 1930-களின் இறுதியில்தான் தொடங்கியது. 1950-களில் ஜஷ்பாய் பட்டேல் என்பார் ‘கிராமலட்சுமி’ என்னும் பெயரால் ஒரு கலனை அமைத்தார். கதர் கிராமத் தொழில் ஆணையம் அதனை மேற்கொண்டு 1960-களில் நாடெங்கும் பரப்பியது. கிணறு போன்ற ஒரு குழி. அதன் மேல் கவிழ்ந்து மிதக்கும் இரும்பு உருளை. ஒருபுறம் சாணக் கரைசலை ஊற்றும் தொட்டி. மறுபுறம் செரித்த கரைசல் வழிந்தோடும் வாய். இவ்வளவே அதன் உறுப்புகள். வாயு சேரச் சேர உருளை மேலெழும். அடுப்பு எரிய எரியத் தாழும். வீட்டிலுள்ளோர் உருளையின் உயரத்தைப் பார்த்தே அன்றைய சமையலுக்கு எரிபொருள் உண்டா இல்லையா என்று அறிந்துகொள்வர். இரும்பு உருளை துருப்பிடிப்பதாலும் விலை மிகுவதாலும், செங்கல்லாலேயே குவிமாடம் எழுப்பும் முறை பின்னர் வந்தது. 1984-இல் வகுக்கப்பெற்ற ‘தீனபந்து’ என்னும் கலன் அவ்வகையைச் சார்ந்தது.

புதுச் சாணம் ஒரு கிலோவிலிருந்து ஏறத்தாழ 40 லிட்டர் வாயு கிடைக்கும். ஆகவே 25 கிலோ சாணத்தை அதே அளவு நீரில் கரைத்து நாள்தோறும் ஊற்றினால், நாளொன்றுக்கு ஒரு கன மீட்டர் வாயு பெறலாம். இவ்வாயு முழுவதும் மீதேனா எனில், அன்று. நூறு பங்கில் 55 முதல் 65 பங்கு வரையே மீதேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. நீராவியும் ஹைட்ரஜன் சல்பைடும் சிறிதளவு கலந்திருக்கும். கரியமில வாயு எரியாது. தீயணைக்கும் கருவிகளில் அடைத்து வைக்கப்படுவதும் அதுவே. எரிபொருளோடு தீயணைப்பானும் கூடிப் பிறக்கும் விந்தையை இங்குக் காண்கிறோம். தூய மீதேன் ஒரு கன மீட்டர் எரிந்தால் ஏறத்தாழ 8,500 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். சாண வாயு தருவதோ 5,000 அளவே. மீதேனின் விகிதத்தை உயர்த்துவது எவ்வாறு என்று அறிஞர் ஆராயத் தொடங்கியதன் காரணம் இதுவே.

இதனை விளங்கிக்கொள்ளக் கலனுக்குள் நிகழ்வது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தோசை மாவு ஓரிரவில் பொங்கிப் புளிப்பது நுண்ணுயிர்களின் செயல் என்பதை யாவரும் அறிவர். சாணக் கலனிலும் நுண்ணுயிர்களே தொழில் புரிகின்றன. ஆயின் அங்கே ஓரினம் மட்டும் அன்று. பல இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வேலை செய்கின்றன. முதல் கூட்டம் வைக்கோல் நார், மாவுப்பொருள், கொழுப்பு, புரதம் ஆகியவற்றை நீரில் கரையும் சிறு பொருள்களாகச் சிதைக்கும். அடுத்த கூட்டம் அவற்றைப் பலவகை அமிலங்களாக மாற்றும். மூன்றாம் கூட்டம் அவ்வமிலங்களை அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் ஆக்கும். அசெட்டிக் அமிலம் என்பது காடியில் உள்ள புளிப்பேயாகும். இறுதியில் வருவன மீதேனை உண்டாக்கும் உயிர்கள். இவை பாக்டீரியா இனத்தவை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தன. இவை ஆர்க்கியா என்னும் வேறு குலத்தைச் சேர்ந்தவை என்பது 1970-களில் தெளிவாயிற்று.

இவ்விறுதிக் கூட்டம் மிகவும் மென்மையானது. பிராண வாயு பட்டால் அது வாழாது. குளிர் மிகுந்தால் சோர்ந்துவிடும். 35 பாகை வெப்பத்தில் நன்கு தழைக்கும். புளிப்பு மிகுந்தாலும் அதன் தொழில் நின்றுவிடும். மற்றக் கூட்டங்களோ விரைந்து பெருகுபவை. ஆதலின் கலனுக்கு அளவு மீறி இரையிட்டால், முன்னவை அமிலத்தை விரைந்து ஆக்கிக் குவிக்கும். பின்னவை அதனைத் தின்று தீர்க்க மாட்டா. கரைசல் புளித்து, மீதேன் குறைந்து, கரியமில வாயுவே மிகுந்து வெளிவரும். அடுப்பில் பற்றவைத்த சுடர் பற்றாது அணைந்துபோகும். பேராசையால் இரட்டிப்புச் சாணத்தைக் கொட்டியவன் இருந்த வாயுவையும் இழந்து நிற்பதற்குக் காரணம் இதுவே. அத்தகைய கலனுக்குச் சில நாள் இரையிடாது விடுவதும், நன்கு நடக்கும் வேறொரு கலனின் கரைசலைச் சிறிது கொண்டுவந்து ஊற்றுவதும் மருந்தாகும். பாலை உறைய வைக்க மோர் ஊற்றுவது போன்றது இஃது.

இனி, நன்கு நடக்கும் கலனிலும் கரியமில வாயு வருவது ஏன்? அசெட்டிக் அமிலத்தின் மூலக்கூறில் கரி அணுக்கள் இரண்டு உண்டு. மீதேன் உயிர்கள் அதனைப் பிளக்கும்போது ஓர் அணு மீதேனாகவும், மற்றோர் அணு கரியமில வாயுவாகவும் பிரியும். சர்க்கரையையும் மாவையும் மட்டும் இரையாக இட்டால், இறுதிக் கணக்கில் மீதேனும் கரியமில வாயுவும் சரிபாதியாகவே அமையும். இக்கணக்கை எந்தத் திறமையாலும் மாற்ற இயலாது. கொழுப்பும் எண்ணெயும் ஹைட்ரஜன் மிகுதியாக உடையவை. ஆதலின் அவற்றினின்று வரும் வாயுவில் நூற்றுக்கு 70 பங்கு வரை மீதேன் இருக்கும். மேலும், பிறந்த கரியமில வாயுவில் ஒரு பகுதி கரைசலிலேயே கரைந்து உப்பாய்த் தங்கிவிடுகிறது. மீதேன் நீரில் மிகச் சிறிதே கரையுமாதலின், அது முழுவதும் மேலே வந்துவிடுகிறது. சாண வாயுவில் மீதேன் பாதிக்குமேல் இருப்பது இவ்விரு காரணங்களால்.

இங்கு ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. வாயு மிகுதியாக வருவது வேறு. வந்த வாயுவில் மீதேன் விகிதம் மிகுவது வேறு. வெதுவெதுப்பும், நன்றாகக் கரைத்தலும், உணவுக் கழிவைச் சேர்த்தலும் வாயுவின் அளவைப் பெருக்கும். விகிதத்தையோ அவை சிறிதே உயர்த்தும். எண்ணெய்க் கழிவைச் சிறிது கலந்தால் இரண்டும் உயரும். ஆயினும் எண்ணெய் அளவு மிஞ்சினால், அதிலிருந்து பிரியும் கொழுப்பமிலங்கள் மீதேன் உயிர்களின் மேல் படிந்து அவற்றைச் செயலற்றனவாக்கும். ஆகவே இரையை மாற்றி விகிதத்தை உயர்த்தும் வழிக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்கு மேலே செல்ல விரும்புவோர், பிறந்த வாயுவிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்தாக வேண்டும்.

அவ்வாறு பிரித்தல் எல்லார்க்கும் வேண்டுவதா? வீட்டடுப்புக்கு வேண்டுவதன்று. பர்னரின் துளைகளைச் சற்றே பெரிதாக்கிக் காற்றை அளவோடு கலந்தால், 60 பங்கு மீதேனுள்ள வாயுவே சோற்றை வேகவைக்கப் போதும். கரியமில வாயுவை நீக்கப் பணம் செலவிடும் சிற்றூர்க் குடும்பம், அதே பணத்தில் குழாயின் கசிவை அடைத்துக்கொள்வது அறிவுடைமையாகும். வாயுவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்போதுதான் நிலைமை மாறுகிறது. சமையலுக்குச் சிலிண்டரில் வரும் பெட்ரோலிய வாயு, சிறிது அழுத்தினாலே நீர்மமாகிவிடும். மீதேன் அத்தகையதன்று. சுழிக்குக் கீழே 82 பாகைக்கு மேற்பட்ட எவ்வெப்பநிலையிலும், எவ்வளவு அழுத்தினாலும் அது நீர்மமாகாது. ஆதலின் காற்றழுத்தத்தைப் போல் 200 மடங்கு அழுத்தத்தில் அதனை வாயுவாகவே தடித்த உருளைகளில் அடைக்கின்றனர். அவ்வளவு உழைத்து அடைக்கும் உருளையில், ஐந்தில் இரண்டு பங்கு இடத்தை எரியாத வாயு கவர்ந்துகொள்வதை யார் பொறுப்பர்? உந்து வண்டிகளின் எஞ்சினுக்கும் செறிந்த மீதேனே ஏற்றது. இந்தியத் தர நிர்ணயம் 2013-இல் வகுத்த விதிப்படி, இவ்வாறு தூய்மை செய்த வாயுவில் நூற்றுக்கு 90 பங்குக்குக் குறையாமல் மீதேன் இருத்தல் வேண்டும்.

முதலில் நீக்க வேண்டுவது அளவில் சிறியதாயினும் தீங்கில் பெரியதான ஹைட்ரஜன் சல்பைடு. அஃது இரும்பை அரிக்கும்; செம்பைக் கருக்கும்; மிகுந்த அளவில் சுவாசித்தால் உயிரையும் போக்கும். கழிவுக் குழிகளில் இறங்கியோர் மூச்சடைத்து மாண்ட கொடுமைகளுக்கு இதுவும் ஒரு காரணமாகும். இதனை நீக்கும் முறை வியக்கத்தக்க அளவு எளியது. துருப்பிடித்த இரும்புச் சீவல்களை ஒரு குழாயில் நிரப்பி அதன்வழியே வாயுவைச் செலுத்தினால், துரு அக்கந்தகத்தைப் பற்றிக்கொண்டு கருநிறமாகும். பின்னர் அதனை வெளியே எடுத்துக் காற்றில் பரப்பினால் மீண்டும் செந்துருவாகும். மாறும்போது வெப்பம் எழுமாதலின், மொத்தமாகக் குவித்து வைத்தால் தீப்பற்றவும் கூடும். மெல்லப் பரப்பி நீர் தெளித்துக் கையாள்வர்.

கரியமில வாயுவை நீக்குவதில் முதலில் எவர்க்கும் நினைவுக்கு வருவது சுண்ணாம்பு நீர். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர் தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய்வழி மூச்சை ஊத, அது பால்போல் வெளுக்கிறது. மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்புடன் கூடிக் கரையாத கல்லாவதே அவ்வெண்மை. சாண வாயுவையும் அவ்வாறே சுண்ணாம்பு நீரில் செலுத்தினால், கரியமில வாயு அங்கே சிக்க, மீதேன் தப்பி மேலே வரும். முறை பிழையன்று, கணக்கே இடிக்கிறது. ஒரு கன மீட்டர் சாண வாயுவில் 400 லிட்டர் கரியமில வாயு இருப்பதாகக் கொண்டால், அதன் எடை முக்கால் கிலோவை ஒட்டியிருக்கும். அதனைப் பிடிக்க நீற்றிய சுண்ணாம்பு ஒன்றேகால் கிலோ அளவு வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு கன மீட்டர் வாயு எடுக்கும் வீட்டார், திங்கள்தோறும் மூட்டைக் கணக்கில் சுண்ணாம்பு வாங்க நேரிடும். அச்சுண்ணாம்பு எவ்வாறு பிறந்தது? காளவாயில் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டபோது, அதே அளவு கரியமில வாயுவை வானில் விட்ட பிறகே அது சுண்ணாம்பாயிற்று. இங்கே பிடித்ததை அங்கே விட்டதாக முடிகிறது. சுட்ட விறகு மேலும் ஒரு நட்டம். ஆகவே சுண்ணாம்பு ஆய்வுக்கூடத்துக்கு உதவும்; தொழிற்சாலைக்கு உதவாது.

மலிவானதும் மீண்டும் பயன்படுவதுமான பொருள் ஒன்று வேண்டும். அது தண்ணீரே. கோலி சோடா அருந்திய சிறுவனுக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். புட்டியில் அடைபட்டிருக்கும்வரை சோடாவில் குமிழி தோன்றுவதில்லை. கோலியை உள்ளே தள்ளியதும் சீறிக்கொண்டு பொங்குகிறது. அழுத்தம் மிகுந்தால் கரியமில வாயு நீரில் கரையும். அழுத்தம் குறைந்தால் வெளியேறும். மீதேனோ அதே நிலையில் அதைவிட இருபது மடங்குக்கும் குறைவாகவே நீரில் கரையும். இவ்வேற்றுமையே தூய்மை செய்யும் கருவிக்கு அடிப்படை. அழுத்தாத நிலையில் மேற்கூறிய 400 லிட்டரைக் கரைக்க ஆயிரம் லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டும். வாயுவைப் பத்து மடங்கு அழுத்தினால், தண்ணீர் பத்தில் ஒரு பங்கே போதும். உயர்ந்த உருளைக் கோபுரம் ஒன்றை நிறுத்தி, அதனுள் சிறு வளையங்களை நிரப்பி, உச்சியிலிருந்து நீரைப் பொழிவித்து, அடியிலிருந்து அழுத்திய வாயுவைச் செலுத்துவர். வளையங்களில் நீர் படர்ந்து வழிய, வாயு அதனைத் தழுவிக்கொண்டு மேலேறும். அடியில் நுழையும்போது 60 பங்காக இருந்த மீதேன், உச்சியில் 95 பங்குக்கு மேலாக வெளிவரும். அடியில் சேரும் நீரை வேறொரு தொட்டியில் அழுத்தம் தளர்த்திக் காற்றூதினால், கரியமில வாயு நீங்கி, நீர் மறுபடியும் கோபுரத்தின் உச்சிக்குச் செல்லும். தில்லியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் இம்முறையைச் சிற்றளவில் அமைத்து, தூய்மை செய்த சாண வாயுவை உருளைகளில் அடைத்து வண்டியோட்டிக் காட்டினர்.

நீர் அரிதான இடங்களில் வேறு முறைகளைக் கையாள்வர். கரியமில வாயுவின் மூலக்கூறு மீதேனைவிடச் சற்றே ஒடுங்கியது. அந்நுண்ணிய வேற்றுமையைப் பயன்கொண்டு, நுண்துளைகள் நிறைந்த கரித்தூளில் அழுத்தத்தோடு செலுத்தினால், கரியமில வாயு துளைகளுள் புகுந்து ஒளிந்துகொள்ளும். மீதேன் புறத்தே நழுவிச் செல்லும். மாச்சலிக்கும் சல்லடைக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. மெல்லிய இழைகளாலான சவ்வின்வழி வடிப்பதும் உண்டு. அமீன் என்னும் வேதிப்பொருளின் கரைசலில் கழுவுவாரும் உளர்; அவர்க்குக் கிடைக்கும் மீதேன் மிகத் தூயதாயினும், கரைசலைச் சூடேற்றி மீட்க வெப்பம் மிகுதியாகச் செலவாகும்.

இவையெல்லாம் கரியமில வாயுவைக் களையாகக் கருதிப் பிடுங்கி எறிவன. அதனையே பயிராக்கும் வழி ஒன்று உண்டு. 1906-இல் டச்சு நாட்டு ஆய்வாளர் சோங்கென் என்பார், மீதேன் உயிர்களுள் சில கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் உண்டு மீதேனை உண்டாக்குவதைக் கண்டு, ஒன்றுக்கு நான்கு என்னும் அளவில் அவை கூடுவதையும் கணக்கிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் பிரெஞ்சு வேதியியலார் பால் சபாத்தியே, நுண்ணுயிர் இன்றியே, சூடான நிக்கல் தூளின்மேல் அவ்விரு வாயுக்களையும் செலுத்தி மீதேன் செய்து காட்டினார். ஆகவே சாண வாயுவில் உள்ள கரியமில வாயுவின் ஒரு பங்குக்கு நான்கு பங்கு ஹைட்ரஜனைச் சேர்த்தால், அதுவும் மீதேனாகிவிடும். கழிவாகப் போவது நீர் மட்டுமே. ஜெர்மனியில் வெர்ல்ட்டே என்னும் ஊரில் 2013-இல் தொடங்கிய ஆலை, அருகிலுள்ள எரிவாயுக் கலனின் கரியமில வாயுவை இவ்வாறே நிக்கல் வழியால் மாற்றியது.

கேட்பதற்கு இனிதாக உள்ள இவ்வழியிலும் ஒரு முள் உண்டு. ஹைட்ரஜன் எங்கிருந்து வரும்? நீரை மின்சாரத்தால் பிரித்துத்தான் பெறவேண்டும். அவ்வாறு பெற்ற ஹைட்ரஜனில் அடங்கிய ஆற்றலில் ஆறில் ஒரு பங்கு, மீதேனாக மாறும்போதே வெப்பமாய்க் கழிந்துவிடும். நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்கி, அம்மின்சாரத்தால் ஹைட்ரஜன் எடுத்து, அதனால் கரியமில வாயுவை மாற்றுவது பேதைமையாகும். காற்றாலையும் சூரியத் தகடும் தேவைக்கு மேற்பட்ட மின்சாரத்தைத் தரும் வேளைகளில், அவ்வுபரியைச் சேமித்து வைக்கும் வழியாகவே இதனை மேல்நாட்டார் கருதுகின்றனர். நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் மற்றொரு வழியை முயன்றனர். கலனைத் திறவாது இறுக மூடி வைத்தால், உள்ளே பிறக்கும் வாயுவே தன் அழுத்தத்தைத் தானே உயர்த்திக்கொள்ளும். சோடாப் புட்டியிற்போலக் கரியமில வாயு கரைசலிலேயே கரைந்து தங்க, மேலே சேரும் வாயுவில் மீதேன் 90 பங்கையும் தாண்டியது. ஆனால் கரைந்த வாயு கரைசலைப் புளிக்கச் செய்யுமாதலின், மென்மையான அவ்வுயிர்களைப் பேணுவது அங்கே பெரும்பாடு.

தூய்மை செய்வோர் அனைவரும் கருத்தூன்ற வேண்டிய கணக்கு மற்றொன்றும் உள்ளது. மீதேன் எரிந்தால் நன்மை. எரியாது வானில் கசிந்தால் தீமை. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு உலகை வெப்பமுறச் செய்யும். நீர்க் கோபுரத்தில் கரியமில வாயுவுடன் சிறிது மீதேனும் கரைந்து போகிறது. அந்நீரைத் தளர்த்தும் தொட்டியிலிருந்து அதுவும் வெளியேறும். நூற்றில் இரண்டு மூன்று பங்குதானே என்று எண்ணி வாளா இருந்தால், நாள்தோறும் ஆயிரக்கணக்கான கன மீட்டர் வாயுவைக் கையாளும் ஆலையில் அச்சிறு பங்கே பெருங்கேடாகும். எனவே நல்ல ஆலைகளில், முதல் தளர்ச்சியில் வெளிவரும் வாயுவைத் திரும்பவும் கோபுரத்துக்கே அனுப்புவர். கடைசியில் எஞ்சுவதைக் கொளுத்தியோ வேறுவகையிலோ அழிப்பர். செரித்த கரைசலையும் திறந்த குட்டையில் நெடுநாள் விட்டுவைக்கமாட்டார். அதிலும் மீதேன் தொடர்ந்து பிறந்துகொண்டிருக்கும்.

இவ்வாறு செறிவேற்றிய வாயுவைப் பெருவழக்காக்கிய நாடுகளுள் சுவீடன் குறிக்கத்தக்கது. அங்கே லின்ஷோப்பிங் நகரத்துப் பேருந்துகள் கழிவுப்பொருளிலிருந்து பெற்ற மீதேனால் ஓடின. 2005-இல் அந்நகரிலிருந்து வெஸ்டர்விக் என்னும் ஊருக்கு இவ்வாயுவாலேயே ஒரு புகைவண்டியும் விடப்பட்டது. புகையில்லாத அவ்வண்டியைப் புகைவண்டி என்பது வழக்குப் பற்றியே. நம் நாட்டில் 2018-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நடுவண் அரசின் பெட்ரோலிய அமைச்சகம், சாணம், கரும்பாலைக் கழிவு, வைக்கோல், நகரக் குப்பை முதலியவற்றிலிருந்து அழுத்திய மீதேன் செய்வாரிடம் எண்ணெய் நிறுவனங்கள் அதனை வாங்கிக்கொள்ளும் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. முன்பெல்லாம் கலன் அமைத்தவர்க்குத் தம் அடுப்புக்கு மிஞ்சியதை விற்க இடமில்லை.

மத்தியப் பிரதேசத்து இந்தூர் நகரில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலை, நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையை ஏற்று, 17,000 கிலோ வாயுவைத் தருமாறு அமைக்கப்பெற்றது. வாயுவில் ஒரு பகுதி நகரப் பேருந்துகளுக்குச் செல்கிறது. இத்தகைய ஆலை அந்நகரில் அமைந்ததற்குக் கோபுரமும் குழாயும் மட்டும் காரணமல்ல. கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் கலந்த குப்பையைக் கலனில் இட்டால், அவை அடியில் படிந்தும் மேலே மிதந்தும் குழாய்களை அடைத்துவிடும். மின்கலம், மருந்து முதலியவற்றின் நஞ்சு மீதேன் உயிர்களைக் கொன்றுவிடும். அந்நகரின் வீடுகளில் காய்கறித் தோலையும் சோற்று மிச்சத்தையும் ஒரு கூடையிலும், உலர்ந்த குப்பையை வேறொரு கூடையிலுமாகப் பிரித்து வைத்து, காலையில் வரும் வண்டியில் தனித்தனியே இடும் வழக்கம், ஆலை எழுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வேரூன்றியிருந்தது.